ஈர வாசல் இன்ஸ்பெக்டர்

மழை பெய்தால் ஊரே சிரிக்க, ஒருவன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய உத்தியோகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை நான் பார்த்தேன்.

அதற்குத் தண்ணீர் சிக்கன இன்ஸ்பெக்டர் என்று பெயர். என்னைப் போலவே உத்தரவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வாசலில் நின்று திட்டு வாங்கிய ரேஷன் குமாஸ்தாக்களே, வரி வசூலுக்குப் போனவர்களே, ஜனத்தொகை எழுதப் போய் நாய்க்கடி பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பீர்கள்.

மறு உத்தரவு

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்த என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போவதற்கு வீடு என்று ஒன்று இல்லாததால், நானும் என் மனைவி செல்லமும் சிதம்பரத்தில் இருந்த அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போனோம். மச்சானுக்குக் கீழ வீதியில் பூஜைச் சாமான் கடை. நல்ல மனுஷர். சோற்றுக்குக் குறை வைத்ததில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து யார் என்று கேட்டால், கற்பூரத்தை நிறுத்துக்கொண்டே அவர் சொல்லும் பதில் மட்டும் எனக்கு இறங்காது. "இவரு நம்ம மாப்ளே. இப்போ சும்மாதான் இருக்காரு" என்பார். ஒன்றரை வருஷம் நான் சும்மாதான் இருந்தேன்.

அந்தக் காலத்தில் மழையும் பொய்த்தது. இரண்டு ஐப்பசி தொடர்ந்து பொய்த்தது. கெடில ஆற்றில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பினார்கள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ரேஷன் வந்தாகிவிட்டது, தண்ணீர்தான் பாக்கி என்று அதற்கும் ஒரு ஆபீஸ் திறந்தார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சேர்த்து ஒரு ஆபீசர், ஒரு இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் நான். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் குழாய் வைத்த ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துச் செல்லத்தை அழைத்து வந்தேன். அவள் அடுப்பு மூட்டிய அன்றைக்கு நான் அழுதேன். புகை என்று சொல்லிவிட்டேன்.

உத்தரவில் இருந்தது இவ்வளவுதான். குழாய்த் தண்ணீரால் வாசல் தெளிக்கக் கூடாது, செடிக்கு ஊற்றக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது. கிணறு இருக்கும் வீட்டுக்குக் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள். மீறினால் குழாய்க்கு மூன்று நாள் பூட்டு. பூட்டும் சாவியும் என் தோள்பையில் கிடக்கும். கடைசி வரியில் "மறு உத்தரவு வரும் வரை" என்று போட்டிருந்தது. என் நியமனக் கடிதத்தின் கடைசி வரியிலும் அதே நான்கு வார்த்தைகள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளே கெடிலம் கரை தொட்டு ஓடியது. திருவந்திபுரத்தில் ஆற்றங்கரைப் படிகள் முங்கிவிட்டன என்று ஜனங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் ஆபீசரிடம் போய், உத்தரவு இனி என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பைல் கட்டுகளுக்கு நடுவே இருந்து தலையைத் தூக்கினார். கூரை ஒழுகி அவர் மேஜை மேல் ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள், அதில் சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது.

"மழை வந்துச்சுன்னு நமக்கு இன்னும் தபால் வரலைய்யா. அதுவரைக்கும் நீங்க பாட்டுக்குப் புடிங்க. ஆனா பாத்துப் புடிங்க. ஜாஸ்தி புடிச்சா ஜனங்க உத்தரவ மதிக்கலன்னு அர்த்தம், கம்மியா புடிச்சா நீங்க தேவையில்லன்னு அர்த்தம்."

ரோஜாவுக்கு யார் ஊற்றியது?

மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலுக்கு ரோஜாத் தோட்டம் உண்டு. வறட்சியிலும் அவர் வீட்டு ரோஜா வாடவில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் நான் போகும்போதெல்லாம் மண் காய்ந்திருக்கும், வாளி கவிழ்ந்திருக்கும், தோட்டக்காரன் தூங்கிக்கொண்டிருப்பான். எப்படியாவது ஒருநாள் ஈரத்தோடு பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியமே வந்துவிட்டது.

கார்த்திகையில் ஒருநாள், விடாத மழை. வாரம் ஒருமுறை தோட்டச் சோதனை என்பது விதி, அன்றைக்கு அந்த வாரத்துக்குக் கடைசி நாள். குடையைப் பிடித்துக்கொண்டு போய் ரோஜாச் செடிகளுக்கு நடுவே கணுக்கால் தண்ணீரில் நின்று நோட்டைத் திறந்தேன். "செடிகள் நனைந்திருக்கின்றன" என்று எழுதுவதற்குள் மை கரைந்து முழங்கை வரை ஓடிவிட்டது. வக்கீல் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தம்ளரைக் கீழே வைத்தார்.

"செடிக்குத் தண்ணி ஊத்தியிருக்குது, வாஸ்தவம். ஊத்தினவரு மேல இருக்காரு. அவரு மேல கேஸ் போடுங்க சார், அவரு பக்கம் நானே ஆஜராவுறேன்."

கிணறு இல்லாத தண்ணீர்

வாரத்தில் இரண்டு நாள் சிதம்பரம் முறை. அங்கே என் முக்கிய வேலை கிணறு கண்டுபிடிப்பது. கிணறு இருந்தால் குழாய் பாதி என்று சொன்னதும், நூறு வருஷமாக இருந்த கிணறுகள் எல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போய்விட்டன. சிலர் பலகை போட்டு மூடி அதன்மேல் வறட்டி அடுக்கினார்கள். ஒருவர் அதன்மேல் துளசிமாடமே கட்டிவிட்டார். துளசியை யார் நகர்த்துவது? கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மேல வீதிக்கு அடுத்த சந்தில் ஒரு பென்ஷன்காரர். கொல்லைப்புறத்தில் வட்டமாக ஒரு பலகை மூடி, அதன்மேல் ஆட்டுக்கல். தலைக்கு மேலே ராட்டினம் தொங்குகிறது. ராட்டினத்தில் கயிறு, கயிற்றின் நுனியில் வாளி. வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் ஆட்டுக்கல்லை ஓரமாகத் தள்ளி, பலகையைக் கொஞ்சம் விலக்கி ஒரு கூழாங்கல்லைப் போட்டேன். உள்ளே 'களக்' என்றது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பென்ஷன்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உள்ள தண்ணிதான் சார் இருக்குது. கெணறு இல்ல."

குழாயைப் பூட்டிவிட்டு மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். எனக்கு முன்னாலேயே பென்ஷன்காரர் மச்சானின் கடைக்கு வந்து சிபாரிசு கேட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு மச்சான் தம் கையாலேயே என் இலையில் நெய் ஊற்றினார். ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டில் நான் நெய்யைப் பார்த்திருக்கிறேன், அது என் இலைப் பக்கம் வந்து பார்த்ததில்லை. அந்த நெய்க்காகவாவது இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கை கழுவும்போது மச்சான் செம்பை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"கொஞ்சமா ஊத்திக்குங்க மாப்ளே. நம்ம வூட்ல இன்ஸ்பெக்டர் இருக்காரு."

அரிசி கழுவிய தண்ணீர்

எங்கள் தெருவில் இட்லி விற்கும் ஆண்டாள் என்கிற அம்மாள் தினமும் ஈர வாசலோடுதான் இருப்பாள். சாணம் கரைத்துத் தெளித்து, பெருக்கி, கோலம் போட்டுவிட்டுத்தான் அடுப்பையே பற்ற வைப்பாள். குழாய்த் தண்ணீரா என்று கேட்டேன். அரிசி கழுவிய தண்ணீர் என்றாள். நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். அரிசி வாசனை இல்லை, சாண வாசனைதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"ரேஷன் அரிசிய கழுவுனா வேற எந்த வாசன சார் வரும்?"

இந்தக் கேஸை எப்படி எழுதுவது என்று புரியாமல் ஆபீசரிடம் விளக்கம் கேட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. ஒரு வாரம் யோசித்து அவர் ஒரு சுற்றறிக்கை போட்டார். குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா, அரிசி கழுவியதா என்றெல்லாம் இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்ப்பது ஆபீஸ் கௌரவத்துக்குக் குறைவாக இருப்பதால், இனி எந்தத் தண்ணீரானாலும் வாசல் ஈரமாக இருந்தால் குற்றம். மறு உத்தரவு வரும் வரை ஈரம் என்பது ஈரமே.

அதற்குள் மழை நின்று மார்கழி பிறந்துவிட்டது. குளம், ஏரி எல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. மார்கழியில் வாசல் தெளிக்காதே, கோலம் போடாதே என்று பெண்களிடம் சொல்வதற்கு நான் இன்னும் கொஞ்சம் உயரமாகவும் பலமாகவும் பிறந்திருக்க வேண்டும். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு பெரிய கோலம், நடுவே சாண உருண்டையில் பரங்கிப்பூ. எல்லா வாசலும் ஈரம். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பனியாம்.

ஆண்டாள் வாசலில் ஈரம் கோடு போட்டது மாதிரி அவள் வீட்டு எல்லையில் தொடங்கி அவள் வீட்டு எல்லையில் முடிந்தது. பக்கத்தில் ரோட்டில் புழுதி. பனி ஏன் உன் வீட்டுக்கு நேராக மட்டும் பெய்கிறது என்று கேட்டேன்.

"பனிக்கும் உங்க சுத்தறிக்கை வந்திருக்கும் சார். அவுங்கவுங்க எல்லைக்குள்ளதான் பெய்யுது."

மொட்டைக் கடுதாசி

மார்கழி பாதியில் ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் ஒரு மொட்டைக் கடுதாசி. "மற்ற வீடுகளைவிட இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலில் பனி அதிகமாகப் பெய்கிறது" என்று எழுதியிருந்தது. யார் எழுதினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் தாளில் இட்லிமாவு ஒட்டியிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாமே வந்து பார்க்கப் போவதாக ஆபீசர் சொன்னார். ஈரம் இருந்தால் ஏழரை மணிக்கு எனக்கு வேலை இருக்காது என்பதையும் சொன்னார். வீட்டுக்கு வந்து செல்லத்திடம் கேட்டேன். எங்கள் வீட்டிலும் பனிதான் என்றாள். முப்பது வயதுக்காரி, என் முகத்தைப் பார்த்துக் கூசாமல் சொன்னாள். நான் எழுந்திருப்பதற்கு முன்னால் தினமும் இரண்டு குடம் பனி பெய்திருக்கிறது.

நாளை ஒருநாள் தெளிக்காதே என்று கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை, மார்கழி, சுமங்கலி இருக்கிற வீடு, வாசல் காயலாமா என்று சண்டை பிடித்தாள். காய்ந்த வாசலில் கோலமும் போட முடியாது. கோலம் இல்லாத வாசல் எந்த வீட்டு வாசல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டு வாசல். எனக்கும் தெரியும்தான். ஆனால், மறுபடி உன் அண்ணன் கடையில் நான் சும்மா உட்கார வேண்டுமா என்று கேட்டேன். அவள் எழுந்தாள். கோலமாவு டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.

"சரி. நாளைக்கு யாராச்சும் வந்து துக்கம் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க."

இரண்டு ஒப்பாரி

வெள்ளிக்கிழமை விடிந்தது. தெருவில் எல்லா வாசலிலும் கோலம், பரங்கிப்பூ. எங்கள் வாசலில் புழுதியும், ஒரு நாயும். நான் நிம்மதியாகக் கொல்லைப்புறத்தில் கரித்தூளை வைத்துப் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். செல்லம் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கூந்தலை விரித்துப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். இன்னும் குங்குமம் வைக்கவில்லை.

அன்றைக்கென்று மச்சான் சிதம்பரத்திலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கினார். திருவாதிரை தரிசனத்துக்கு எங்களை அழைத்துப் போக வந்தவர். ரயிலடியிலிருந்து தெரு நெடுகக் கோலங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கதவைத் தட்டினார். செல்லம் திறந்தாள். விரித்த கூந்தல், வெறும் நெற்றி. மச்சான் பையைக் கீழே போட்டுவிட்டு, "அய்யோ செல்லம், எல்லாம் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினார். அண்ணன் விடிகாலையில் வந்து கதறினால் செல்லம் என்ன நினைப்பாள்? சிதம்பரத்தில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளும் கதறினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு சாவுக்காகக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

எனக்குச் சத்தம் கேட்டது. நானும் மாமியாருக்குத்தான் ஏதோ என்று பதறி நடை வரைக்கும் ஓடிவந்தேன். அங்கே மச்சான் குரல் தெளிவாகக் கேட்டது.

"தங்கமான மனுஷனாச்சே. சும்மா இருக்காரு, சும்மா இருக்காருன்னு வர்றவுங்க போறவுங்க கிட்டல்லாம் சொன்னேனே, அந்த வாயி வெந்து போவ. ஒரு நாளு மூஞ்சி சுளிச்சிருப்பாரா? போட்டதத் தின்னுட்டு எலைய எடுத்தாரே. ஒரு வேள நெய்யி ஊத்தினேன், அதுவும் கெணத்துக்காரன் சிபாரிசுக்கு ஊத்தினேனே."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெளியே போக மனசு வரவில்லை. என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு நல்லவிதமாகப் பேசி நான் கேட்டதில்லை. கதவு மறைவில் வாய் நிறையக் கரியோடு நின்று, என் சாவுக்கு நானும் கொஞ்சம் அழுதேன். இந்தத் தடவை புகை இல்லை.

அதற்குள் தெரு கூடிவிட்டது. ஆண்டாள் மாரில் அடித்துக்கொண்டு, "அரிசி கழுவுன தண்ணியக்கூட மோந்து பாத்தாரே மகராசன்" என்று தொடங்கிவிட்டாள். சரியாக ஏழு மணிக்கு ஆபீசர் சைக்கிளில் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், காய்ந்த வாசலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். நேற்றுச் சாயங்காலம்கூட ரிப்போர்ட் கொடுத்தார், அருமையான கையெழுத்து என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். இனியும் ஒளிந்திருந்தால் பாடை கட்டிவிடுவார்கள் என்று தோன்றியதால், நான் வெளியே வந்தேன். ஆண்டாள் அலறிக்கொண்டு நாலு அடி பின்வாங்கினாள். மச்சான் என்னைத் தொட்டுப் பார்த்தார். செல்லம் அண்ணனிடம் அம்மா நன்றாக இருக்கிறாளா என்று கேட்டு, இருக்கிறாள் என்று தெரிந்ததும் இன்னும் பலமாக அழுதாள். ஆபீசருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உசிரோடதான் இருக்கீங்கன்னா வாசல ஏன்யா இப்படிக் காயப் போட்டு வச்சிருக்கீங்க?"

வாபஸ்

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அதற்குப் பதில் தம்முடைய சுற்றறிக்கைதான் என்பது அவருக்கு நினைவு வந்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்காக ஜனங்கள் அழ நேரிடுவதாலும், மழை பெய்துவிட்டதாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருப்பதாலும் உத்தரவை வாபஸ் வாங்கலாம் என்று மேலே எழுதினார். எத்தனையோ நாள் அசையாத பைல் பத்தே நாளில் அசைந்து வந்தது. ஒரே தாளில் இரண்டு வரி. முதல் வரியில் உத்தரவு வாபஸ். இரண்டாம் வரியில் நான். அவரே என் வீட்டுக்கு வந்து அதைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"ஒங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான்யா எழுதினேன். ரெண்டாவது வரி அவுங்களாப் போட்டது."

மறுநாள் காலையில் செல்லம் குழாய்த் தண்ணீரிலேயே வாசல் தெளித்து, தெருவிலேயே பெரிய கோலமாகப் போட்டாள். அதைத் தாண்டித்தான் சாமானை வண்டியில் ஏற்றினோம். சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். மச்சான் வாசலில் நின்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் முகத்தைப் பார்க்க அவருக்கு அதைவிட வெட்கம். எத்தனையோ உத்தரவை வாபஸ் வாங்குகிறார்கள், தெருவே கேட்க அழுத அழுகையை மட்டும் யாராலும் வாபஸ் வாங்க முடிவதில்லை.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பென்ஷன்காரர் ஊதுவத்தி வாங்க வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வேலை போயிற்றாமே, இப்போது மாப்பிள்ளை சும்மாதான் இருக்கிறாரா என்று மச்சானிடம் விசாரித்தார். மச்சான் கற்பூரம் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார்.

"சும்மா இல்லைங்க. உசிரோட இருக்காரு."

ஆகவே, என்னோடு சேர்ந்து உத்தரவுகளைச் சுமந்தவர்களே, இரண்டு மாத அடைமழையால் அசைக்க முடியாத என் உத்தியோகம், ஒருநாள் காலையில் இரண்டு குடம் தண்ணீர் தெளிக்காமல் விட்டதால் போயிற்று.